‘என்பர்’ விடுபட்ட பக்கம்

என் கண்ணான தம்பி அருளப்பனுக்கு,

நீ வாடிப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்த காலமெல்லாம் வாரம் தவறாமல் உனக்கு எழுதினேன். அக்காளின் கடிதத்தில் ஒரு பிழையாவது அகப்படாதா என்று தேடிவிட்டுத்தான் நீ சேதியைப் படிப்பாய். இப்போதும் தேடிக்கொள். இந்தக் கடிதம் தபாலில் வராது. நீ கட்டுரை எழுதிவந்த அதே மாதப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னைப் படித்தவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

முதலில் நடப்பைச் சொல்கிறேன். நாடு நம்முடையதாகிவிட்டது. காகிதம் மட்டும் இன்னும் கிடைப்பதாக இல்லை. தல்லாகுளத்து வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். கோர்ட்டுக்கு வரும் கட்சிக்காரர்கள் முன்போலவே நம் வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போகிறார்கள், நானும் முன்போலவே திட்டுகிறேன். உன் கல்லறையில் பெயர் வெட்டிய கொத்தன் ‘அருளபன்’ என்று ‘ப்’ என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட்டான். “யாரும்மா பாக்கப் போறா” என்றான். “நான் பார்க்கிறேன்” என்றேன். வேறு கல் வெட்டினான்.

உன் இரண்டு புத்தகங்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. உன்னிடம் கடுமையாகப் பேசி எனக்குப் பழக்கம் உண்டு. நீ பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கும்போது பேசிப் பழக்கமில்லை.

முதல் புத்தகத்தை எப்படி எழுதினாய் என்று இப்போது படிக்கிறவர்களுக்குத் தெரியாது. சிறுமலை அடிவாரத்தில், சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடத்தில், ஊருக்கும் ஊருக்கும் நடுவே உள்ள எல்லைகளைத் தேடி விடுமுறை தோறும் வண்டி கட்டிக்கொண்டு போனாய். ராஜாக்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது, வரப்பைப் பற்றி எழுத ஆள் இல்லை என்பாய். ஒருமுறை உன் அத்தானும் நானும் கூட வந்தோம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் நீ எல்லை எது என்று கேட்டாய்.

“இம்புட்டுத் தூரம் எங்க மண்ணு சாமி. அங்கிட்டு அவுக மண்ணு.”

“நடுவில் நிற்கிற புளியமரம்?”

“அதைக் கேக்காதீக. காய்ச்சா ரெண்டு ஊருக்கும் சொந்தம். பேய் புடிச்சா ரெண்டு ஊருக்கும் சொந்தமில்ல.”

நீ சிரித்துக்கொண்டே அதை எழுதிக்கொண்டாய். வண்டியில் ஏறியதும் என்னிடம் சொன்னாய்: “பார்த்தாயா அக்கா, கல்லை நடுவது கை அல்ல, வாய். எந்த ஊரில் நன்றாகப் பேசத் தெரிந்தவன் இருந்தானோ அந்த ஊர்ப் பக்கம் எல்லை வளைந்திருக்கிறது.” எல்லையின் வரலாற்றில் தொடங்கியவன் சொல்லின் தத்துவத்தில் போய் நின்றது எப்படி என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. அந்த வண்டியிலேயே இரண்டாவது புத்தகம் தொடங்கிவிட்டது.

முதல் புத்தகத்தின் அச்சுத்தாள்களை நான்தான் பார்த்தேன். நமக்குள் நடந்த சண்டை எல்லாம் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. நீ எதை எழுதினாலும் கடைசியில் ‘என்பர்’ என்று முடித்தாய். இந்தக் கிணற்றைத் தோண்டியவன் மலையிலிருந்து வந்தவன் என்பர். இந்தக் கல்லைத் தொட்டால் கை முடங்கும் என்பர். நான் ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ‘யார்?’ என்று எழுதினேன். கான்வென்டில் எங்கள் மதரிடம் யாராவது ‘எல்லாரும் சொல்கிறார்கள், மதர்’ என்று சொன்னால், ‘எல்லாரையும் கூட்டி வா’ என்பார். அந்தப் பிள்ளை போய்த் தேடி, கடைசியில் ஒருத்தியைத்தான் கூட்டி வருவாள். அவளும் ‘நான் சொல்லவில்லை’ என்பாள்.

நீ விட்டுக்கொடுக்கவில்லை. “ஊர் வரலாற்றுக்கு ‘என்பர்’தான் மரியாதை, அக்கா. எனக்குத் தெரியாது, கேட்டதைச் சொல்கிறேன் என்று படிப்பவனுக்குத் தலை குனிந்து சொல்கிற சொல் அது” என்றாய். அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்தது என்று உன்னிடம் சொல்லவில்லை.

அந்தப் புத்தகத்தில்தான் சடையன் வருகிறார். எல்லை நடக்கும் வழக்கத்தைப் பற்றிய அத்தியாயம் அது. இரண்டு ஊருக்குத் தகராறு வந்தால் ஒருவனைத் தலையில் மண்கட்டியை வைத்து நடக்கச் சொல்வார்கள். தன் காலுக்குக் கீழே இருப்பது இன்ன ஊர் மண் என்று சத்தியம் செய்துகொண்டே அவன் நடப்பான். அவன் போன தடமே எல்லை. நடப்பவன் பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவனாக இருப்பான். ‘சொந்த நிலம் இல்லாதவனுக்கே எல்லா நிலமும் தெரியும்’ என்று நீ எழுதிய வரியின் ஓரத்தில் நான் எந்தக் குறியும் போடவில்லை. அதற்கு அடுத்த வரி: ‘கண்மாய்த் தகராறில் சடையன் பொய்யாக எல்லை நடந்தார் என்பர்.’ நான் ‘யார்?’ என்று எழுதினேன். எதிர் ஊர்ப் பெரிய வீட்டில் சொன்னார்கள் என்றாய். “அப்படியானால் அதையும் எழுது” என்றேன். “அதுதான் ‘என்பர்’ இருக்கிறதே” என்றாய்.

இரண்டாவது புத்தகத்தின் அச்சுத்தாள் என்னிடம் வரவில்லை. உன் அத்தான் இறந்து நான் ஒரு வரியும் வாசிக்காமல் கிடந்த காலம் அது. கட்டி முடித்த புத்தகத்தைத்தான் கொண்டுவந்து மடியில் வைத்தாய். ‘சொல்லும் செவியும்’. முதல் பக்கத்தில் என் பெயரைப் போட்டிருந்தாய். அதைப் பார்த்துத்தான் நான் அந்த வருஷத்தில் முதல்முறையாக எழுந்து முகம் கழுவினேன்.

அதில் மறுபடியும் சடையன் இருந்தார். இப்போது ஒரு முழுப் பக்கம். மெய்யான சொல்லால் செவியை ஏமாற்றுவது எப்படி என்பதற்கு அவர்தான் எடுத்துக்காட்டு. தம் ஊர் மண்ணைச் செருப்புக்குள் போட்டுக்கொண்டு எதிர் ஊர் நிலத்தில் நடந்தார். ‘என் காலுக்குக் கீழே இருப்பது எங்கள் ஊர் மண்’ என்று சத்தியம் செய்தார். சொல் மெய், கேட்டவர்கள் ஏமாந்தார்கள், கண்மாய் கைமாறியது. என்ன பக்கம் அது, தம்பி. ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லாத பக்கம். ஆனால் நான் கூட்ட வேண்டிய ஒரு சொல் இருந்தது.

“‘என்பர்’ எங்கே போச்சு?” என்று கேட்டேன்.

“அக்கா, இது வரலாறு அல்ல. எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டில் ‘என்பர்’ போட்டால் கேட்கிறவன் காது தளர்ந்துவிடும்.”

“அந்த மனுஷருக்குப் பெயர் இருக்கிறதே. ஊர் இருக்கிறதே.”

“பெயரும் ஊரும் இல்லாவிட்டால் யார் நம்புவார்கள்?”

நான் உன்னோடு நான்கு நாள் பேசவில்லை. பிறகு நீ மல்லிகைப்பூவும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தாய். விதவைக்கு எதற்குப் பூ என்றேன். மாதா படத்துக்கு என்றாய். உன்னோடு வாதம் செய்து யார் வென்றது?

அந்தப் பக்கம் உன்னை ஊர் ஊராகக் கொண்டுபோனது. மேடையில் பேசுகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கட்சிக்காரர் மற்றவரைச் ‘செருப்புக்குள் மண் போட்டவர்’ என்றார். மறுநாள் அவர் இவரைச் சொன்னார். தமுக்கம் பக்கம் ஒரு கூட்டத்தில் நானே கேட்டேன். ஜனங்கள் அந்த இடத்தில் சிரித்துத் தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை ஏன் மறைக்க வேண்டும்? நான் தூக்கி வளர்த்த பிள்ளையின் சொல் இத்தனை வாயில் வருகிறதே என்று இருந்தது.

பிறகு விஷக்காய்ச்சல் வந்தது. நான் பஸ் பிடித்து வருவதற்குள் நீ பேச்சை இழந்திருந்தாய். சொல்லைப் பற்றி அவ்வளவு எழுதியவன் கடைசியில் என்னை வெறுமனே பார்த்துக்கொண்டு கிடந்தாய். என்ன சொல்ல நினைத்தாய்? தண்ணீரா? நான் தண்ணீர் கொடுத்தேன்.

உன் நினைவு நாளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்னை அழைத்திருந்தார்கள். உனக்குப் பின் வந்த தலைமையாசிரியர் நல்ல மனிதர். எல்லா வகுப்பையும் கூடத்தில் உட்காரவைத்து, ஐயாவுக்கு இதைவிட மரியாதை இல்லை என்று சொல்லி, அந்தப் பக்கத்தை வாசித்தார். நன்றாகவே வாசித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்திருந்ததால் எனக்குப் பின்னால் யாரும் தெரியவில்லை.

பேச்சியம்மாள் போன மாதம் வீட்டுக்கு வந்தாள். அது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. ஊர்ப் பெயரையும் எழுதவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி செய்கிறேன். உனக்கு யாரென்று தெரியும். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய மகளை நீயே கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதல் பெஞ்சில் உட்காரவைத்தாய். பக்கத்தில் உட்கார மாட்டோம் என்ற பிள்ளைகளிடம் ‘அப்படியானால் நீங்கள் நில்லுங்கள்’ என்று சொன்னாய். அந்தக் கதையை நீ எனக்கு எழுதியபோது கடிதத்தில் மூன்று பிழை இருந்தது. சந்தோஷத்தில் எழுதினாய் என்று நான் திருத்தாமல் விட்டேன்.

வெள்ளைச் சேலை, தலையில் ஒரு மயிர் கலையவில்லை. நான் சொல்லும்வரை காத்திருக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு அது பிடித்தது.

“நீங்கதான் வாத்தியாரய்யாவோட அக்காவா?”

“ஆமாம்.”

“அய்யா பொஸ்தகம் மறுபடி அச்சுக்குப் போகுதாமே.”

“போகிறது. கல்லூரிகளில் கேட்கிறார்கள்.”

“அதுல சடையன் கதை இருக்காம்மா?”

“இருக்கிறது.”

“அவரு எங்க பாட்டனுக்குப் பாட்டன்” என்றாள்.

அவள் அவசரப்படவில்லை. நாடி பிடித்து எண்ணுகிறவளைப் போலப் பொறுமையாக இருந்தாள். பிறகு சொன்னாள். உன் நினைவு நாளில் அந்தப் பக்கம் வாசிக்கப்பட்டபோது கூடத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தது அவள் மகளைத்தான். மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணுக்கு ‘மண்செருப்பு’ என்று பெயர். அவள் பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காலோடு போனாள். அதற்கும் ‘செருப்பை எங்கே ஒளிச்சு வச்சிருக்க?’ என்றார்கள். இப்போது போவதில்லை. அடுப்படியில் உட்கார்ந்து பழைய பாடப்புத்தகத்தை வாசிக்கிறாளாம். பள்ளிக்கூடம் என்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாளாம்.

“முன்னாடி இது ரெண்டு ஊருக்குள்ள இருந்த கதைம்மா. சண்டை வந்தா சொல்லுவாக, குடிச்சா சொல்லுவாக. மத்த நேரம் மறந்திருவாக. பொஸ்தகத்துல வந்தப்புறம் மறக்க மாட்டேங்குறாக.”

“நான் அதற்கு அடியில் ஒரு குறிப்பு போடுகிறேன். இது எதிர் ஊரார் சொன்னது, உறுதியில்லை என்று.”

“அடிக்குறிப்பை யாரும்மா வாசிக்கிறா? மேடையில ஏறி நின்னு அடிக்குறிப்பையா வாசிக்கப் போறாக?”

எனக்குக் கோபம் வந்தது. “என் தம்பியின் பக்கத்தைக் கிழிக்கச் சொல்கிறாயா?” என்றேன்.

“கிழிக்கச் சொல்லலம்மா. அச்சடிச்சது அச்சடிச்சதுதான். இன்னொருக்க அச்சடிக்க வேணாங்கிறேன்.”

நான் எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துவந்தேன். அவள் முழுப் பக்கத்தையும் படித்ததில்லை என்று தெரிந்தது, கேட்டதோடு சரி. என் தம்பி எப்படி எழுதியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று உரக்க வாசித்தேன். எடுத்துக்காட்டு மட்டுமே அது, அந்த மனிதரின் சாமர்த்தியத்தை மெச்சித்தான் எழுதியிருக்கிறான் என்று காட்ட நினைத்தேன். ‘தம் ஊர் மண்ணைச் செருப்புக்குள் பரப்பி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் நிமிர்ந்து நடந்தார்’ என்ற இடம் வந்ததும் அவள் சிரித்தாள். வாய்க்குள் சிரித்து, பிறகு அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எதுக்குச் சிரிக்கிறாய்?”

“ஊர்ப் பெரியவுக முன்னாடி, செருப்போட, நிமிந்து” என்றாள். “யம்மா, என்னப் பெத்த அய்யா காலத்துலயே அந்தத் தெருவுல செருப்பைக் கழட்டி அக்குள்ல இடுக்கிட்டுத்தான் போவாக. சடையன் செருப்புப் போட்டு அவுக முன்னால நடந்திருந்தா, எல்லையவா பாத்திருப்பாக? முதுகுத் தோலுதான் எல்லையா இருந்திருக்கும்.”

நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அவள் போன பிறகு உன் முதல் புத்தகத்தை எடுத்தேன். எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் என் கண்ணால் பார்க்க வேண்டும். அடிவாரத்து ஊர்களின் கட்டுப்பாடுகளைச் சொல்லும் இடத்தில் நீயே எழுதியிருக்கிறாய்: சேரி மக்கள் பெரிய தெருவிலும் ஊர்க்கூட்டத்திலும் காலில் எதுவும் அணியக் கூடாது. அங்கே ‘என்பர்’ கிடையாது. நீ கண்ணால் பார்த்தது. இரண்டையும் எழுதியது ஒரே கை, தம்பி. இரண்டு புத்தகமும் என் மேசையில் அடுத்தடுத்து எத்தனை வருஷமாக நின்றுகொண்டிருக்கின்றன. ஒன்றை ஒன்று பார்க்கவே இல்லை.

அந்தச் செருப்பு எங்கிருந்து வந்தது? முதல் புத்தகத்தில் செருப்பு இல்லை. பொய்யாக நடந்தார் என்பர், அவ்வளவுதான். பெரிய வீட்டில் யாராவது பிறகு சேர்த்துச் சொன்னார்களா? அல்லது மேசையில் உட்கார்ந்திருந்தபோது உனக்கே தோன்றியதா? தோன்றியிருந்தால் அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் மேசைக்கு அடியில் எப்போதும் உன் பூட்ஸ் கிடக்கும். கால் என்றால் செருப்பு உண்டு என்று நமக்குத் தோன்றும். நமக்குத்தான் தோன்றும்.

நீ இருந்தால் என்ன செய்வாய்? மூன்று வாரமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் நீ ‘எடுத்துவிடு அக்கா’ என்கிறாய். ஒருநாள் ‘அது என் சிறந்த பக்கம்’ என்கிறாய். இரண்டும் உன் குரலில்தான் கேட்கிறது. உன் எழுத்தில் ஓர் எழுத்தையும் நீ ஒப்பாமல் நான் மாற்றியது இல்லை. ஓரத்தில் எழுதுவேன், நீ பார்ப்பாய், சண்டை போடுவாய், பிறகு மாற்றுவோம். இப்போது ஓரத்தில் எழுதினால் யார் பார்ப்பது?

அச்சகத்து ராவுத்தரிடம் போனேன். கீழவாசல் பக்கம் இடுங்கிய அந்தச் சந்தில் இப்போதும் மை வாசனைதான். அவருக்கு வயதாகிவிட்டது, என்னைப் பார்த்ததும் எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டார். அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

“அம்மா, என்னம்மா சொல்றீக? அந்தப் பக்கம் இல்லாம அந்தப் புஸ்தகமா? மாப்பிள்ளைய வீட்டுல விட்டுட்டு ஊர்வலம் கெளம்புற மாதிரியில்ல இருக்கு.”

“மாப்பிள்ளை பொய் சொல்லியிருக்கிறார், ராவுத்தரே.”

“வாத்தியாரய்யா பொய் சொல்ற ஆளாம்மா?” என்றார். நீ அவரோடு எத்தனை தேநீர் குடித்திருப்பாய், எழுத்துக் கோத்த எத்தனை அச்சுப் பாரத்தை அந்தக் கல் மேல் வைத்துப் படித்திருப்பாய். “யாரோ எந்த ஊர்லயோ பழைய கதை. அய்யா பேரு நிக்கிறதே அதுலதான். நீங்களே எடுக்கலாமா? கூடப் பொறந்தவுக?”

வீட்டுக்கு வந்து ‘சொல்லும் செவியும்’ முழுவதையும் முதலிலிருந்து வாசித்தேன். துக்கத்தில் வாசித்த புத்தகம். பாதி மனதில் நிற்கவில்லை என்று இப்போது தெரிந்தது. கடைசி அத்தியாயத்துக்கு வந்தேன். செவியின் இயல்பைப் பற்றி நீ எழுதியிருப்பதை இங்கே அப்படியே எடுத்து எழுதுகிறேன், வாசகர்களும் பார்க்கட்டும்:

‘செவி ஒருமுறை வாங்கியதைத் திருப்பித் தருவதில்லை. கதை வண்டியில் போய்விடுகிறது. திருத்தம் பின்னால் நடந்து வருகிறது. ஆகவே பொய்யென்று தெரிந்ததை மறுத்துச் சொல்வதும் அதை இன்னொருமுறை சொல்வதே. அதை நிறுத்த வேண்டுமானால் சொல்லாமல் விட வேண்டும்; அல்லது கேட்ட செவிகள் எவையோ அவற்றையே தேடிப் போய், முகத்துக்கு நேரே நின்று, புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டும்.’

நான் அதை மூன்று முறை வாசித்தேன். அடிக்குறிப்பு போதும் என்று நான் வாதாடினேன். போதாது என்று பேச்சியம்மாள் சொன்னாள். நீயும் அவள் பக்கம்தான் பேசியிருக்கிறாய். என்னோடு சண்டை போட்டு ஜெயித்துவிட்டாய், அருளப்பா. அந்தப் பக்கத்தை எழுதிய நீயே அதை எடுக்கவும் சொல்லியிருக்கிறாய். இதுதான் உன் சம்மதமா, அல்லது எனக்கு வேண்டியதை நான் உன் வாயில் வைக்கிறேனா? தெரியவில்லை. தெரியாமலே செய்கிறேன்.

புதிய பதிப்பில் அந்தப் பக்கம் இராது. முன்னுரையில் இரண்டே வரி எழுதியிருக்கிறேன்: ‘இப்பதிப்பில் ஓர் எடுத்துக்காட்டு நீக்கப்பட்டுள்ளது. காரணம் வேண்டுவோர் தல்லாகுளத்தில் என்னை நேரில் வந்து கேட்கலாம்.’ ராவுத்தர் அதைப் படித்துவிட்டு, “யாரும்மா வருவா, உங்களைக் கேக்குறதுக்கு? எனக்கே பயமா இருக்கு” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக்குக் கோத்து வைத்திருந்த எழுத்துகளைப் பிரித்து எழுத்துப்பெட்டியின் அறைகளில் போடச் சொன்னார். எழுத்துகள் அறைக்குள் விழும் சத்தத்தை நான் நின்று கேட்டேன். உன்னை மண்ணில் இறக்கியபோதுகூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு உன் புத்தகம் முழுதாக இருந்தது.

இந்தக் கடிதமும் அந்தக் கதையை இன்னொருமுறை சொல்வதுதானே என்று நீ கேட்பாய். பேச்சியம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். ஊர்ப் பெயர் இருந்த இரண்டு இடத்தை அடித்தாள். “மத்தது இருக்கட்டும்மா. செருப்புக் கதைய ஊரெல்லாம் கேட்டிருக்கு. அது ஏன் நடந்திருக்க முடியாதுங்கிறதையும் கேக்கட்டும்” என்றாள். “ஆனா எம்புள்ள பத்திரிகை படிக்கமாட்டா. மத்த புள்ளைகளும் படிக்காது. அதுக்கு என்ன செய்யப் போறீக?”

அதற்குத்தான் உன் வாக்கின் இரண்டாவது பாதி. கேட்ட செவிகளைத் தேடிப் போவது. தலைமையாசிரியருக்கு எழுதினேன். அவர் வருந்தி எழுதியிருக்கிறார். தாம் அறியாமல் செய்தது என்கிறார். தவறு அவருடையது அல்ல என்று பதில் எழுதிவிட்டேன். வரும் திங்கட்கிழமை காலையில் எல்லா வகுப்பையும் அதே கூடத்தில் உட்காரவைக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நாற்காலி வேண்டாம், நின்று பேசுகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

நான் மேடையில் பேசியவள் அல்ல. உன் புத்தகத்தில் படித்ததை வைத்துத்தான் பேச வேண்டும். சுருக்கமாகச் சொல்வேன். என் பெயர் இது. உங்கள் பழைய தலைமையாசிரியரின் அக்காள். அவரைப் போலப் படித்தவரை நான் பார்த்ததில்லை. அவர் இந்தப் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றி எழுதியது தவறு. இந்தக் கடைசி வாக்கியத்தை வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். முதல்முறை வாய் வரவில்லை. உன்னைப் பற்றி ஒருவர் குறை சொன்னால் அவர் வீட்டுப் படி ஏறாதவள் நான். அதைச் சொல்ல வேண்டியவள் நானாகவே இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. வேறு யார் சொன்னாலும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள் என்பதும் தெரிகிறது.

அந்தப் பெண் அன்றைக்கு வருவாளா என்று பேச்சியம்மாளால் உறுதி சொல்ல முடியவில்லை. “கூட்டிட்டு வரப் பாக்குறேம்மா. வரலைன்னா கோவிச்சுக்காதீக” என்றாள். எனக்கு என்ன கோபம்? வராவிட்டால் அடுத்த திங்கட்கிழமையும் போவேன். அதற்கடுத்த திங்கட்கிழமையும் போவேன். கூடத்தில் பேசியது போதாதென்றால் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்வேன். நீ கையைப் பிடித்து உட்காரவைத்த அந்த முதல் பெஞ்சில் அவள் வந்து உட்காரும்வரை வாடிப்பட்டி பஸ்ஸில் ஏறிக்கொண்டே இருப்பேன். என் முழங்காலைப் பற்றி நீ ஒன்றும் சொல்லாதே.

உன்னைத் தூக்கி வளர்த்தவள்,
உனக்காகப் பேசப் போகிறவள்,
உன் அக்காள் ஞானம்மாள்